பீரங்கி இருக்கிறது, கோட்டை விழவில்லை: முற்றுகை யூனிட்டுகளுக்கு அறிகுறி வாரியான பிழைநீக்கம்

டர்ன் வைத்து ஆடும் வியூக விளையாட்டுகளில் அதிகம் திட்டு வாங்குவது முற்றுகை யூனிட்தான். கேட்டபுல்ட், ட்ரெபுஷே, பாம்பார்ட், ஆர்ட்டிலரி என்று ஆட்டத்துக்கு ஆட்டம் பெயர் மாறும். புகார் ஒன்றேதான்: "இவ்வளவு செலவு செய்து கட்டினேன், ஒன்றுக்கும் உதவவில்லை." இதே புகாரோடு நானும் பல ஆட்டங்களைத் தோற்றிருக்கிறேன். தோற்ற ஆட்டத்தின் பழைய சேவ் கோப்புகளைத் திறந்து, பத்து டர்ன் பின்னால் போய்ப் பார்க்கும் பழக்கம் வந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பீரங்கி செத்த டர்னில் எந்தத் தவறும் இருக்காது. இரண்டு மூன்று டர்ன் முன்னால் அது எங்கே நின்றது, அதற்கு முன்னால் யார் நின்றார்கள், அதற்காகப் பார்த்துச் சொல்ல யார் இருந்தார்கள் என்பதில்தான் தவறு இருக்கும். வாள்வீரனை இன்றைய டர்னை நினைத்து நகர்த்தலாம். பீரங்கியை நாளை மறுநாளை நினைத்துத்தான் நகர்த்த வேண்டும்.

உங்கள் ஆட்டத்தில் தெரிகிற அறிகுறியைக் கீழே தேடிக்கொள்ளுங்கள். சிவிலைசேஷன் 5, சிவிலைசேஷன் 6, அட்வான்ஸ் வார்ஸ், பாலிடோப்பியா, பான்சர் கோர், ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 ஆகியவற்றிலிருந்து உதாரணங்கள் எடுத்திருக்கிறேன். பேட்ச் (ஆட்டத்தைத் திருத்தும் புதுப்பிப்பு) வரும்போது எண்கள் மாறலாம் என்பதால், யூனிட்டைத் தேர்ந்தெடுத்து உங்கள் பதிப்பின் எண்ணை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அறிகுறி: எதிரி எதிரிலேயே நிற்கிறான், சுடும் பொத்தான் ஒளிரவில்லை

இதற்கு ஐந்து காரணங்கள் உண்டு. இந்த வரிசையிலேயே சோதியுங்கள், பெரும்பாலும் முதல் இரண்டிலேயே விடை கிடைத்துவிடும்.

முதலாவது, இந்த டர்னில் நகர்த்திவிட்டீர்கள். அட்வான்ஸ் வார்ஸில் தரையிலிருந்து தூரம் தாக்கும் யூனிட் நகரலாம் அல்லது சுடலாம், இரண்டையும் செய்ய முடியாது. பாலிடோப்பியாவின் கேட்டபுல்ட்டும் அப்படித்தான். சிவிலைசேஷன் 6-இல் முற்றுகை யூனிட்டுக்குச் சாதாரணமாக 2 நகர்வுப் புள்ளிகள். நகர்ந்தால் அந்த டர்னில் சுட முடியாது. பக்கத்தில் பெருந்தளபதி (கிரேட் ஜெனரல்) இருந்தால் ஒரு புள்ளி கூடும், அப்போது நகர்ந்தும் சுடலாம். ஆனால் பெருந்தளபதியின் பலன் அவருடைய யுகத்துக்கும் அடுத்த யுகத்துக்கும் உரிய யூனிட்டுகளுக்கு மட்டும்தான். பழைய தளபதியைப் புதிய பீரங்கியோடு அனுப்பிவிட்டு "ஏன் வேலை செய்யவில்லை" என்று குழம்புபவர்கள் அதிகம்.

இரண்டாவது, சிவிலைசேஷன் 5-க்கே உரியது: சுடுவதற்கு முன் யூனிட்டை நிலைநிறுத்த வேண்டும், அதற்கு ஒரு நகர்வுப் புள்ளி செலவாகும். சமதளத்தில் ஒரு கட்டம் நகர்ந்து நிலைநிறுத்தினால் இரண்டு புள்ளியும் தீர்ந்துவிடும், அடுத்த டர்னில் சுடலாம். குன்றிலோ காட்டிலோ ஏறினால் அந்த டர்ன் ஏறுவதற்கே சரியாகிவிடும். ஆனால் அடுத்த டர்னில் ஒரு புள்ளியில் நிலைநிறுத்தி, மிச்சப் புள்ளியில் சுட்டுவிடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு வழியிலும் முதல் குண்டு ஒரே டர்னில்தான் பறக்கிறது. ஆகவே குன்றைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. அங்கிருந்து பார்வையும் நன்றாகக் கிடைக்கும். ஒருமுறை நிலைநிறுத்தினால் நகர்த்தும் வரை அந்த நிலை கலையாது என்பதையும் நினைவில் வையுங்கள். அரைக் கட்டம் "நல்ல இடம்" தேடி நகர்த்திக்கொண்டே இருந்தால் அது சுடவே சுடாது.

மூன்றாவது, பார்வை. சிவிலைசேஷன் 5-இல் முற்றுகை யூனிட்டுகள் கிட்டப்பார்வைக்காரர்கள். இரண்டு கட்டம் சுடும், இரண்டு கட்டம் பார்க்காது. அட்வான்ஸ் வார்ஸின் மூடுபனி வரைபடங்களில் ஆர்ட்டிலரியின் பார்வை ஒரே ஒரு கட்டம், ரீகான் என்ற வேவு வண்டிக்கு ஐந்து. மலைமேல் ஏறிய காலாட்படைக்குக் கூடுதலாக மூன்று கட்டம் தெரியும். காட்டுக்குள் ஒளிந்திருப்பவனை ஒட்டிய கட்டத்தில் நின்றால்தான் காண முடியும். எனவே முதலில் பார்ப்பவனை நகர்த்துங்கள், அப்புறம் சுடுபவனைத் தொடுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு "இலக்கே இல்லை" என்று டர்னை முடித்தவர்கள், அடுத்த டர்னில் அதே இலக்கிடம் அடி வாங்குவார்கள். இடையில் குன்றோ காடோ மறைத்தாலும் சிவிலைசேஷன் 5-இன் கேட்டபுல்ட், ட்ரெபுஷே, கேனன் எதுவும் சுடாது. ஆர்ட்டிலரி காலத்தில்தான் தடையைத் தாண்டிச் சுடும் திறன் வரும்.

நான்காவது, இலக்கு மிக அருகில் இருக்கிறது. அட்வான்ஸ் வார்ஸ் ஆர்ட்டிலரியின் வீச்சு 2 முதல் 3 கட்டம், ராக்கெட் வண்டிக்கு 3 முதல் 5. ஒட்டி வந்து நிற்பவனை இரண்டும் ஒன்றும் செய்ய முடியாது.

ஐந்தாவது, குண்டு தீர்ந்துவிட்டது. அட்வான்ஸ் வார்ஸில் ஆர்ட்டிலரிக்கு 9 குண்டு, ராக்கெட்டுக்கு 6. பக்கத்தில் ஏ.பி.சி. என்ற கவச வண்டி நின்றால் டர்ன் தொடங்கும்போதே நிரப்பிவிடும். நீண்ட இழுபறியில் அந்த ஏ.பி.சி. இன்னொரு டாங்கைவிட மதிப்புள்ளது என்பது என் அனுபவம்.

அறிகுறி: ஒரு குண்டுகூடச் சுடாமல் பீரங்கி சாகிறது

அதிகம் கேட்கப்படுவது இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சிவிலைசேஷன் 5-இல் நகரம் இரண்டு கட்டம் வரை சுடும். கேட்டபுல்ட், ட்ரெபுஷே, கேனன் மூன்றின் வீச்சும் இரண்டு கட்டம்தான். அதாவது நீங்கள் சுடக்கூடிய இடத்தில் நின்றால் உங்களையும் சுட முடியும். உள்ளே நுழைந்த டர்னில் உங்களால் சுடவும் முடியாது. ஆக, முதல் அடி எப்போதும் நகரத்துடையது. இந்த அடியைத் தவிர்க்க வழியில்லை, பங்கு போட்டுக்கொள்ள வழி உண்டு. நகரம் ஒரு டர்னில் ஒரே ஒரு தடவைதான் சுடும். நான்கு பீரங்கிகளை ஒவ்வொன்றாக, வந்து சேர்ந்த வரிசையில் உள்ளே விட்டால், நகரம் நிதானமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கும். நான்கையும் மூன்றாவது கட்டத்தில், அதாவது நகரத்தின் கை எட்டாத எல்லையில், காத்திருக்கச் செய்து ஒரே டர்னில் உள்ளே தள்ளினால் அதே ஒரு அடி ஒன்றின்மேல் மட்டும் விழும். மற்ற மூன்றும் அடுத்த டர்னில் சுடும். காத்திருந்ததில் இரண்டு டர்ன் போகலாம், போகட்டும். பொறுமையில்லாமல் முதல் கேட்டபுல்ட்டை முன்னால் அனுப்பி நான் இழந்தவை அந்த இரண்டு டர்னைவிடப் பல மடங்கு.

நகரம் மட்டும் சுடுகிறதா என்றும் பாருங்கள். உள்ளே ஒரு வில்லாளி, பக்கத்தில் இன்னொரு வில்லாளி, சிவிலைசேஷன் 6-இல் அருகில் ஒரு ராணுவ முகாம் என்றால் ஒரே டர்னில் மூன்று நான்கு அடி விழும். அப்படிப்பட்ட இடத்தில் பீரங்கியை உள்ளே விடுவதற்கு முன் வெளியே நிற்கும் எதிரி யூனிட்டுகளை அகற்றுங்கள். மதிலை உடைப்பது இரண்டாவது வேலை, களத்தைச் சுத்தம் செய்வது முதல் வேலை. பலர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பீரங்கி சாகிறது.

சிவிலைசேஷன் 5-இன் ஆர்ட்டிலரி இந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. அதன் வீச்சு மூன்று கட்டம், நகரத்தின் வீச்சு இரண்டு. மதில் உயர்ந்த நகரங்களை எதிர்த்துப் போர் திட்டமிட்டு, டைனமைட் தொழில்நுட்பம் எட்டும் தூரத்தில் இருந்தால், கேனனோடு முட்டாமல் காத்திருப்பதுதான் என் பரிந்துரை. சிவிலைசேஷன் 6-இல் இந்த வசதி சும்மா வராது. அங்கே ஆர்ட்டிலரியின் வீச்சும் இரண்டுதான். கண்காணிப்பு பலூனை உடன் கொண்டுபோனால் மூன்றாகும். அந்த பலூனைக் கட்டாமல் விடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும், பாதிச் சண்டை அதிலேயே முடிந்துவிடும்.

அட்வான்ஸ் வார்ஸில் பீரங்கியைக் கொல்வது பெரும்பாலும் டாங்க். அதற்கான கணக்கு எளிது. டாங்க் ஆறு கட்டம் நகரும், ஒட்டி நின்று அடிக்கும், ஆக அதன் கை ஏழு கட்டம் நீளும். உங்கள் ஆர்ட்டிலரி எட்டாவது கட்டத்தில் நின்றால் டாங்கால் தொட முடியாது. அது ஆத்திரப்பட்டு ஆறு கட்டம் முன்னால் வந்தால் உங்களிடமிருந்து இரண்டு கட்டத்தில் நிற்கும், அதாவது சரியாக உங்கள் குண்டு விழும் இடத்தில். ஏழாவது கட்டத்தில் நிறுத்தினால் சாவு, எட்டாவதில் நிறுத்தினால் கொலை. இடையில் காடு, மலை இருந்தால் டாங்கின் கை குறுகும். அதையும் எண்ணிப் பாருங்கள், கண்ணளவை வேண்டாம்.

அறிகுறி: சுடுகிறது, எதிரிக்கு வலிக்கவே இல்லை

யாரை எதை வைத்து அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். சிவிலைசேஷன் 6-இல் முற்றுகை யூனிட் தரைப்படையைச் சுட்டால் அதன் தாக்கும் பலத்தில் 17 குறையும். வில்லாளி வகை நகரத்தைச் சுட்டாலும் அதே 17 குறையும். 17 என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். அந்த ஆட்டத்தின் சேதச் சூத்திரத்தில் பலத்தின் வித்தியாசம் அடுக்காகப் பெருகுகிறது, 17 குறைந்தால் சேதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கேட்டபுல்ட்டை வைத்து வாள்வீரனை விரட்டுவதும், வில்லாளிகளை வைத்து மதிலைச் சுரண்டுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். பீரங்கி மதிலைப் பார்க்கட்டும், வில்லாளி மனிதரைப் பார்க்கட்டும்.

அதே ஆட்டத்தில், மதில் இருக்கும்போது கைகலப்புப் படை அடிக்கும் அடியில் சுமார் ஏழில் ஒரு பங்குதான் மதிலில் இறங்கும். மதில் இடிக்கும் தூலம் அந்தக் குறையைப் போக்கும், முற்றுகைக் கோபுரம் மதிலையே தாண்டி நேராக நகரத்தை அடிக்க வழி செய்யும். ஆனால் பிந்தைய பதிப்புகளில் தூலம் ஆதிகால மதிலுக்கு மட்டும்தான், கோபுரம் இடைக்கால மதில் வரைக்கும்தான். எதிரி மதிலை ஒருபடி உயர்த்திவிட்டால் உங்கள் தூலம் வெறும் மரக்கட்டை. போருக்குக் கிளம்புவதற்கு முன் எதிரி நகரத்தின் மதில் எந்தப் படியில் இருக்கிறது என்று ஒரு குதிரைவீரனை அனுப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அட்வான்ஸ் வார்ஸில் ஆர்ட்டிலரி சாதா டாங்குக்கு 70 சதவீத அடிப்படைச் சேதம் செய்யும், காலாட்படைக்கு 90. நடுத்தர டாங்குக்கு 45தான். அதிலும் அவன் நிற்கும் நிலத்தின் ஒவ்வொரு தற்காப்பு நட்சத்திரமும் குறைத்துக்கொண்டே போகும், மலைக்கும் தலைமையகத்துக்கும் நான்கு நட்சத்திரம். இன்னொன்று, உங்கள் ஆர்ட்டிலரியே பாதி உயிரோடு இருந்தால் அதன் அடியும் பாதி. காயம்பட்ட பீரங்கியைச் சொந்த நகரத்தில் இரண்டு டர்ன் நிறுத்திப் பழுது பார்ப்பது கோழைத்தனமில்லை.

பான்சர் கோரில் இந்த அறிகுறியின் வேர் வேறு. அங்கே பீரங்கி கொல்வதற்காக இல்லை, ஒடுக்குவதற்காக இருக்கிறது. பதுங்குகுழியில் இருக்கும் எதிரியைச் சுட்டால் சாவு எண்ணிக்கை ஒன்று, இரண்டு என்றுதான் காட்டும். அதே குண்டு அவனுடைய பல பேரைத் தலைதூக்க விடாமல் அமுக்கி வைத்திருக்கும், அவனுடைய அரணையும் கரைக்கும். அந்த அமுக்கம் அந்த டர்ன் முடிந்ததும் போய்விடும். எனவே பீரங்கி சுட்ட அதே டர்னில், அதே இலக்கின்மேல், காலாட்படையோ டாங்கோ பாய வேண்டும். இன்றைக்குப் பீரங்கி, நாளைக்குக் காலாட்படை என்று பிரித்தால் இரண்டும் வீண். காலாட்படையை முதலில் அனுப்பி, அது நொந்த பிறகு பீரங்கியால் அடிப்பது இன்னும் மோசம், ஆனால் மிகப் பரவலாக நடப்பது. பதிலடி வாங்காதவன் முதலில் அடிக்கட்டும், பதிலடி வாங்கக்கூடியவன் கடைசியில் அடிக்கட்டும். எந்த ஆட்டத்திலும் இந்த வரிசையே சரி.

ஹீரோஸ் 3-இல் கோட்டைச் சண்டை தனி ரகம். மதிலுக்கு வெளியிலிருந்து எய்தால் உங்கள் எறிபடையின் சேதம் பாதியாகும். தூரம் பத்துக் கட்டத்துக்கு மேல் என்றால் இன்னொரு பாதி போகும். ஆகவே மதில் உடையும் வரை எறிபடையின் அம்பைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பாலிஸ்டிக்ஸ் திறமை இல்லாத தலைவனிடம் கேட்டபுல்ட் தன் இஷ்டத்துக்கு எறியும். அந்தத் திறமை இருந்தால் எந்த மதில் துண்டு, எந்தக் கோபுரம் என்று நீங்களே குறிவைக்கலாம். நிறைய கோட்டைகளைத் தாக்கப் போகும் தலைவனுக்கு ஒரு திறமை இடத்தை அதற்கு ஒதுக்கலாம் என்பேன், ஒன்றிரண்டு கோட்டை மட்டும் என்றால் ஒதுக்க வேண்டாம். மதில் தடை பாதிக்காத மேஜ் என்ற மந்திரவாதி, மதிலையே அடிக்கும் சைக்ளாப்ஸ் போன்றவர்கள் படையில் இருந்தால் அதுவே போதும்.

அறிகுறி: நகரத்தின் உயிர் பூஜ்யம் வரை இறங்குகிறது, நகரம் மட்டும் கைக்கு வருவதில்லை

முதலில் எளிய காரணம்: தூரத்திலிருந்து சுடுபவர்களால் நகரத்துக்குள் நுழைய முடியாது. நகரத்தைப் பிடிக்கக் கைகலப்புப் படை ஒன்று வேண்டும், அதுவும் நகர்வுப் புள்ளி மிச்சமுள்ளதாக, அந்த டர்னில் இன்னும் அடிக்காததாக. சிவிலைசேஷனில் இதற்கு எனக்குப் பிடித்தது ஒரு குதிரைப்படை. நகரத்தின் கை எட்டாத தூரத்தில் நிறுத்தி வைத்து, கடைசிக் குண்டு விழுந்ததும் ஓடிவந்து நுழையச் செய்யலாம். முன்வரிசையில் நின்று பத்து டர்ன் அடி வாங்கிய வாள்வீரனை அந்த வேலைக்கு நம்பினால், அந்த டர்னில் அவனுக்கு உயிரே இருக்காது. கூட்டாளி நாடும் அதே நகரத்தைத் தாக்கிக்கொண்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. மதிலை உடைத்தது நீங்கள், ஒற்றை வாள்வீரனோடு வந்து நகரத்தைத் தூக்கிப்போனது அவன் என்றால் இலவு காத்த கிளியின் கதைதான். பிடிப்பதற்கு ஆள் தயாராக இல்லாத டர்னில் நகரத்தைப் பூஜ்யத்துக்கு இறக்காதீர்கள்.

இரண்டாவது காரணம், நகரம் ஊறிக்கொண்டே இருக்கிறது. சிவிலைசேஷன் 6-இல் முற்றுகைக்குள் இல்லாத நகரம் ஒவ்வொரு டர்னும் 20 புள்ளி தேறும். உங்களிடம் ஒரே ஒரு கேட்டபுல்ட் என்றால் பாதிக் குண்டு அதற்கே சரியாகிவிடும், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல. நகரத்தை ஒட்டிய ஆறு கட்டங்களும் உங்கள் படையாலோ அதன் கட்டுப்பாட்டு வளையத்தாலோ (எதிரியின் நகர்வைத் தடுக்கும், யூனிட்டை ஒட்டிய கட்டங்கள்) மூடப்பட்டால் அந்தத் தேறுதல் நின்றுவிடும். ஆறு யூனிட் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கைகலப்பு யூனிட்டுகளை நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் தான் நிற்கும் கட்டத்தையும் இருபக்கக் கட்டங்களையும் அடைக்கும், மூன்றும் மூன்றும் ஆறு. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு: வில்லாளிக்கும் பீரங்கிக்கும் இந்த வளையம் கிடையாது, வளையம் ஆற்றைத் தாண்டாது. நகரத்தின் பக்கத்தில் ஆறு ஓடினால் அந்தக் கரையில் இன்னொரு ஆள் வேண்டும். கடல் இருந்தால் ஒரு போர்க்கப்பல் வேண்டும்.

மதிலின் கதை வேறு. அது தானாகத் தேறாது. எதிரி அதற்கென்று பழுதுபார்ப்புத் திட்டம் ஓட்ட வேண்டும், கடைசி மூன்று டர்னில் அடி விழுந்திருந்தால் அதைத் தொடங்கவும் முடியாது. உங்கள் படை சற்றுப் பின்வாங்கித் தேறும்போதுகூட ஒரு பீரங்கியை மட்டும் அங்கே விட்டு, இரண்டு டர்னுக்கு ஒரு குண்டு போடச் சொல்லுங்கள். உடைத்த மதில் உடைந்தபடியே கிடக்கும்.

அறிகுறி: ஒரே ஒரு குதிரை உள்ளே புகுந்து வரிசையையே தின்றுவிட்டது

பாலிடோப்பியாவில் கேட்டபுல்ட்டின் தாக்குதல் 4, தற்காப்பு 0, நகர்வு 1, வீச்சு 3, விலை 8 நட்சத்திரம். தற்காப்பு பூஜ்யம் என்பதை உரக்கப் படியுங்கள். ஒருவனைக் கொன்றால் மீண்டும் அடிக்கும் உரிமை பெறும் நைட் என்ற குதிரைவீரன் அந்த வரிசைக்குள் வந்தால் ஒரே டர்னில் இரண்டு மூன்று கேட்டபுல்ட் போய்விடும். இரண்டு கேட்டபுல்ட்டை ஒட்டி நிறுத்துவதே ஆபத்து. இடையில் டிஃபெண்டர் என்ற காவல் யூனிட்டைச் செருகுங்கள், நைட்டின் சங்கிலி அங்கே அறுபடும்.

அட்வான்ஸ் வார்ஸில் கட்டுப்பாட்டு வளையமே இல்லை. சந்து இருந்தால் எதிரி நுழைவான், உடல் வைத்துத்தான் அடைக்க வேண்டும். அங்கே மிக மலிவான காலாட்படைக்கு இதைவிடப் பெரிய வேலை இல்லை. சிவிலைசேஷன் 6-இல் வளையம் உண்டு, ஆனால் இலகு குதிரைப்படை அதை மதிக்காது. "இடையில் ஒரு கட்டம் விட்டாலும் வளையம் தடுக்கும்" என்று நம்பி நின்றவர்களின் பீரங்கியைத்தான் அந்தக் குதிரைகள் தேடி வரும். ஆகவே பீரங்கிக்குப் பக்கத்திலேயே ஒரு ஈட்டிக்காரன் நிற்கட்டும். அவன் அந்த முற்றுகை முழுக்க ஒரு அடிகூட அடிக்காமல் இருக்கலாம். அவன் அங்கே இருப்பதால்தான் எதிரியின் குதிரை வரவில்லை என்பது கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் நாம் அவனை முன்வரிசைக்கு இழுத்துவிடுகிறோம்.

மலை, கடல், சொந்த நகரம் எதையாவது முதுகில் வைத்துக்கொண்டு பீரங்கியை நிறுத்தினால் காவலுக்கு வேண்டிய ஆள் பாதியாகக் குறையும்.

அறிகுறி: பீரங்கி வந்து சேர்வதற்குள் போரே முடிந்துவிடுகிறது

இது நேர நிர்வாகக் கோளாறு. போரை அறிவித்த பிறகு பீரங்கி கட்டத் தொடங்குவதுதான் வழக்கமான காரணம். எந்த நகரம் என்று முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி டர்ன் எண்ணுங்கள். சிவிலைசேஷன் 6-இல் குன்று, காட்டுக்குள் நுழைய அதற்குரிய புள்ளி முழுதும் கையில் இருக்க வேண்டும். இரண்டு புள்ளிப் பீரங்கி ஒரு சமதளக் கட்டம் போய்விட்டுக் குன்றின் முன் நின்றால் மிச்சப் புள்ளி வீண். வரைபடத்தில் பத்துக் கட்டம் என்பது காட்டுவழியில் பத்து டர்ன். அதே தூரம் சாலையில் பாதியோ அதற்கும் குறைவோதான். எல்லை வரை சாலை போட்ட பிறகு போரை அறிவியுங்கள்.

பழைய கேட்டபுல்ட்டுகளைக் கலைக்காமல் வைத்திருந்து பொன் கொடுத்து மேம்படுத்துவது, புதிதாகக் கட்டி நடத்தி வருவதைவிட வேகமானது. நகரம் கடற்கரையில் இருந்தால் தரைப் பீரங்கியையே மறந்துவிடுங்கள். சிவிலைசேஷன் 5-லும் 6-லும் ஃபிரிகேட் கப்பல்கள் அந்த வேலையைச் செய்யும், காட்டில் சிக்கவும் சிக்காது.

பான்சர் கோரில் ஒரு எச்சரிக்கை: இழுத்துச் செல்லும் பீரங்கியை லாரியில் ஏற்றியபடி எதிரியின் கைக்கெட்டும் தூரத்தில் டர்னை முடிக்காதீர்கள். லாரியில் இருக்கும்போது அடிபட்டால் அது பீரங்கியாகச் சண்டையிடாது, லாரியாகத்தான் சாகும்.

அறிகுறி: எதிரியின் பீரங்கி என்னை அரைக்கிறது

அதன் வீச்சுக்குள் நின்று யோசிக்காதீர்கள். வெளியே இருங்கள், அல்லது ஒட்டிப் போய்விடுங்கள். நடுவில் நிற்பதுதான் சாவு. அட்வான்ஸ் வார்ஸில் நகர்ந்த ஆர்ட்டிலரி சுடாது என்பதால், நிற்கும் ஆர்ட்டிலரியின் ஆபத்து மூன்று கட்டத்தோடு சரி. உங்கள் டாங்க் நான்கு முதல் ஏழு கட்டத்துக்குள் காத்திருந்து, ஒரே டர்னில் பாய்ந்து ஒட்டி அடிக்கலாம். பதிலடியும் வராது. இரண்டு பக்கமும் ஆர்ட்டிலரிதான் என்றால், முதலில் மூன்று கட்டத்துக்குள் நுழைபவன் முதல் குண்டை வாங்குவான். அப்படிப்பட்ட நேரத்தில் பொறுத்திருப்பவனுக்கே லாபம். பொறுக்க முடியவில்லை என்றால் ஹெலிகாப்டரை அனுப்புங்கள், ஆர்ட்டிலரி அதை ஒன்றும் செய்ய முடியாது.

அறிகுறி: தற்காப்பில் பீரங்கி சும்மா நிற்கிறது

முற்றுகையிடுவதை உழிஞை என்றும் காப்பதை நொச்சி என்றும் பழந்தமிழ் பிரித்து வைத்தது. முற்றுகை யூனிட் என்ற பெயரைப் பார்த்து நாம் அதை உழிஞைக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டோம். உண்மையில் நொச்சியின் கையில்தான் அது சுகமாக இருக்கும், ஏனென்றால் நடக்க வேண்டியதில்லை, வருபவன்தான் நடக்கிறான். பான்சர் கோரில் காலாட்படைக்கு ஒட்டிப் பின்னால் பீரங்கி நின்றால், அந்தக் காலாட்படையை எவன் தாக்கினாலும் பீரங்கி தானாகவே அவனை முதலில் சுடும். அட்வான்ஸ் வார்ஸில் ஒரு பாலத்தின் முனையில் காலாட்படை, அதன் பின்னால் இரண்டு ஆர்ட்டிலரி. தன்னைவிட இருமடங்கு செலவான படையை அந்த மூன்று யூனிட் பல டர்ன் நிறுத்திவைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு நிபந்தனை: பாலத்தின் நடுக்கட்டம் உங்கள் வீச்சின் 2, 3 கட்டத்துக்குள் விழுகிறதா என்று எண்ணி நிறுத்துங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாகச் செய்தும் முற்றுகை இழுத்துக்கொண்டே போகிறது

ஐந்து டர்ன் தொடர்ந்து சுட்ட பிறகு நகரத்தின் உயிரை முதல் டர்னோடு ஒப்பிடுங்கள். பாதிகூட இறங்கவில்லை என்றால் ஆறாவது டர்னிலும் இறங்காது, எதிரியின் உதவிப்படை மட்டும் நெருங்கியிருக்கும். அப்போது கிளம்புவதுதான் சரி. கிளம்பும் வரிசையில்தான் கடைசிப் பிழை வரும். காலாட்படையைத்தான் முதலில் நகர்த்தத் தோன்றும், பீரங்கி தனியாகப் பின்னால் மாட்டிக்கொள்ளும். எதிரியின் குதிரை கண்ணில் படுவதற்கு ஒரு டர்ன் முன்பே பீரங்கியை எழுப்பி நகர்த்துங்கள், அது இரண்டு கட்டம் விலகிய பிறகு வில்லாளி, ஈட்டிக்காரன் கடைசி. பீரங்கி ஒன்றுகூட இழக்காமல் திரும்பினால், அதே படையோடு இன்னும் பத்து டர்னில் வேறு நகரத்தின் முன்னால் நிற்கலாம்.